வலது தொடை வழக்கு

– கையை எடுக்கப் போறீங்களா இல்லையா, டாக்டர்?

– மாட்டேன் வக்கீலம்மா. நான் கையை எடுத்தா, நீங்க நேரா ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போகணும்.

– மிரட்டுறீங்களா? ஏங்க, கேட்டுக்கிட்டீங்களா? நீங்கதான் சாட்சி. கட்டில்ல படுத்திருக்கிற நோயாளியைப் பாத்து, அறுத்துடுவேன்னு டாக்டர் சொன்னாங்க.

– அது வந்து... அவங்க அப்படிச் சொல்லலையேம்மா.

– நீங்க பேசாதீங்க.

– சார், நீங்க கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன். இவ்வளவு பக்கத்துல நிக்கிறீங்க, உங்க குரல் என் காதுக்கே எட்ட மாட்டேங்குது.

– எட்டாது டாக்டர். என் வீட்டுக்காரர் வாழ்நாள் பூரா லைப்ரரியில வேலை பாத்தவர். 'சத்தம் போடாதீர்கள்'னு அங்க போர்டு மாட்டினதே இவர்தான். வீட்டுக்கு வந்தும் கழட்டி வைக்கல.

– வீட்டுல பேசுறதுக்குத்தான் நீ இருக்கியேம்மா.

– மேடம், சிரிக்காதீங்க! வயிறு குலுங்குது, பிடி நழுவுது. சிரிக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, இருமக் கூடாது. எது பண்ணினாலும் ரத்தம் எகிறும். நான் இவ்வளவு நேரம் அழுத்தினதெல்லாம் வீணாப் போயிடும்.

– சரி, சிரிக்கல. எனக்கு என்ன ஆச்சுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க. இவருக்கும் புரியுற மாதிரி.

– எனக்குப் புரிஞ்சுதும்மா.

– புரிஞ்சிருக்காது. நீங்க சொல்லுங்க டாக்டர்.

– முந்தாநாள் நெஞ்சு வலின்னு வந்தீங்க. ஆஞ்சியோ பண்ணினாங்க. வலது தொடை இடுக்குல ஊசியால குத்தி, ரத்தக்குழாய்க்குள்ள மெல்லிசா ஒரு ட்யூபை விட்டு, இதயம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தாங்க. நெஞ்சுல ஒண்ணுமே இல்ல.

– அதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீலெல்லாம் தினமும் சொல்றாங்க, எனக்கு நெஞ்சே இல்லைன்னு. மேல சொல்லுங்க.

– ட்யூபை உருவினப்புறம் குத்தின ஓட்டை தானா அடைஞ்சுக்கணும். உங்களுக்கு அடையல. ரத்தம் குழாய்க்கு வெளிய கசிஞ்சு, சதைக்குள்ள ஒரு பை மாதிரி கட்டிக்கிச்சு. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் அதுக்குள்ள போயிட்டுப் போயிட்டு வருது. அதான் அந்த வீக்கம் தொட்டா துடிக்குது. இப்போ இந்த ஸ்கேன் கருவியாலயே கசிவோட வாயை அழுத்திப் பிடிச்சிருக்கேன். கொஞ்ச நேரம் ரத்தம் உள்ள போகாம இருந்தா, பைக்குள்ள தேங்கினது உறைஞ்சு, ஓட்டை தானா மூடிக்கும்.

– மூடலைன்னா?

– உறைய வைக்கிற மருந்தை ஊசியில அந்தப் பைக்குள்ளயே போடுவோம். அதுக்கும் மசியலைன்னா, திறந்து தைக்கணும்.

– திறந்தா! ஐயோ. நீ அசையாம இரும்மா. மூச்சைக்கூட மெதுவா விடு.

– மூச்சு விடலாம் சார். மூச்சுக்கு ஒண்ணும் இல்ல.

– டாக்டரம்மா, அந்த டிவியில சிவப்பும் நீலமுமா சுத்துதே, அதுவா?

– அதேதான் சார். அந்தச் சுழல் நிக்கணும். நின்னா கறுப்பாயிடும். அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.

– சரி, இப்போ விசாரணைக்கு வருவோம்.

– மேடம், இப்பவேவா?

– நானும் நகர முடியாது, நீங்களும் நகர முடியாது. இதை விட நல்ல நேரம் எனக்கு எப்போ கிடைக்கும்? ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க. ஊசி குத்துறதுக்குன்னு சரியான இடம் ஒண்ணு இருக்கா?

– இருக்கு.

– அந்த இடத்துக்குக் கீழ குத்தினா, இந்த மாதிரி ஆகுமா?

– ஆகலாம்.

– குறிச்சுக்கங்க.

– பேனா கொண்டு வரலையேம்மா.

– மனசுல குறிச்சுக்கங்க!

– சரிம்மா. குறிச்சுக்கிட்டேன்.

– அப்படின்னா எனக்குக் குத்தினது கீழ. ஆமாவா, இல்லையா?

– இல்ல. உங்களுக்குச் சரியான இடத்துலதான் குத்தியிருக்கு. ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியுது. அடியில எலும்பு, அதுக்கு நேர் மேல ஓட்டை. நானே குத்தியிருந்தாலும் அங்கதான் குத்தியிருப்பேன்.

– நல்லாப் பாத்தீங்களா?

– பாத்தேன்.

– இன்னொரு தடவை பாருங்க. கொஞ்சம் தள்ளி இருக்கப் போகுது.

– மேடம், ஓட்டை உங்க வாதத்துக்கு ஏத்த மாதிரி நகராது.

– அப்போ ட்யூபை எடுத்தப்புறம் யாரும் சரியா அழுத்தல. அரைகுறையா அழுத்திட்டுக் காபி குடிக்கப் போயிருப்பாங்க.

– அதுவும் இல்ல. ஆஞ்சியோ பண்ணின அந்தச் சின்ன டாக்டரே நின்னு அழுத்தினா. நர்ஸ்கிட்டக்கூட விடல.

– ஆமாம்மா, நான் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேனே! பாவம், பல்லைக் கடிச்சுக்கிட்டு, முகமெல்லாம் வேர்த்துப்போய்...

– நீங்க யார் பக்கம்?

– உன் பக்கந்தாம்மா. சும்மா சொன்னேன்.

– சும்மா ஒண்ணும் சொல்ல வேணாம். கேட்டா மட்டும் சொல்லுங்க. கேட்டாலும் சொல்லாதீங்க.

– சார், ஒரு உதவி பண்ணுவீங்களா?

– சொல்லுங்க டாக்டரம்மா.

– மூக்கு அரிக்குது. என்னால கையை எடுக்க முடியாது.

– அது வந்து... நானா? நான் எப்படி...

– சொறிஞ்சு விடுங்க. என் ரத்தக்குழாயை விட உங்க கூச்சம் பெரிசா? கர்ச்சீப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சொறிங்க.

– இங்கயா டாக்டரம்மா?

– கொஞ்சம் மேல. இன்னும் கொஞ்சம். இடது பக்கம். ஆ... அங்கதான். ரொம்ப நன்றி சார். கை வேற மரத்துப் போச்சு.

– சரி, மூக்கு விஷயம் முடிஞ்சுதா? டாக்டர், உங்களை எங்கயோ பாத்திருக்கேன்.

– இப்பவாவது ஞாபகம் வந்துதே. உங்க கோர்ட்டுக்கு ஒரு தடவை சாட்சி சொல்ல வந்தேன். நீங்கதான் குறுக்கு விசாரணை.

– ஓ! நடுவுல தண்ணி கேட்டவங்களா நீங்க?

– நானேதான். தொண்டை வறண்டு போய் ஒரு வாய் தண்ணி கேட்டதுக்கு, 'பதிலைச் சொல்லிட்டுக் குடிங்க'ன்னீங்க.

– அந்தக் கேஸ்ல உங்க பக்கந்தானே ஜெயிச்சுது?

– ஜெயிச்சுது. அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர், சாப்பிட்டியான்னு கேட்டார். எந்தச் சாப்பாட்டைக் குறிப்பிடுறீங்கன்னு கேட்டேன். அவர் பயந்து போயி எங்க அம்மாவுக்கு போன் பண்ணிட்டார்.

– இவளும் அப்படித்தான் டாக்டரம்மா. பால் வாங்கிட்டு வந்தேன்னு சொன்னா, நிரூபிங்கம்பா.

– ஏங்க!

– சிரிக்காதீங்க மேடம், சிரிக்காதீங்க! நானும் சிரிக்கல. இப்போ நான் ஒண்ணு சொல்லணும். கோபப்படாம கேக்கணும்.

– உங்க பேச்சைப் பொறுத்து.

– நேத்து வார்டுல நீங்க போட்ட சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்டுது. குத்தினது யாரு, கோர்ட்டுல நிறுத்தாம விட மாட்டேன்னு. அந்தப் பொண்ணு அதுல இருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. வேலையை விட்டுடறேன்னு அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா.

– ஐயோ பாவம். ஃபிளாஸ்க்ல காபி இருக்கு, கொண்டு போய்க் கொடுக்கட்டுமா?

– நில்லுங்க. எங்கயும் போகாதீங்க. நான் சத்தம் போட்டா, அதுக்காக ஒரு டாக்டர் வேலையை விடுவாளா?

– அவளா விடலைன்னாலும் விட வச்சுடுவாங்க. மத்தியானம் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டிருக்கார். பிசகு எங்க நடந்துதுன்னு நான் போய்ச் சொல்லணும். அவ மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா அது மட்டும் போதாது. வேற எதனால ஆச்சுன்னு கேப்பார். காரணம் ஒண்ணு இல்லாமப் போச்சுன்னா, பழி அவ தலையிலதான் விடியும். நல்ல கை மேடம் அவளுக்கு. என்னால தாங்க முடியல.

– வேற எதனால ஆகும்?

– நீங்கதான் சொல்லணும். ட்யூப் எடுத்தப்புறம் அந்தக் காலை நீட்டினபடியே வச்சிருக்கணும். எழுந்திருக்கக் கூடாது, முட்டியை மடக்கக் கூடாது. உங்ககிட்டச் சொன்னாங்களா?

– சொன்னாங்க.

– எழுந்தீங்களா?

– இல்ல.

– காலை மடக்கினீங்களா?

– நான் மடக்கல.

– உறுதியா?

– நான் மடக்கலைன்னு சொல்லிட்டேன். அடுத்த கேள்வி.

– டாக்டரம்மா, இதுக்கு நான் சாட்சி. சத்தியமா இவ எழுந்திருக்கவே இல்ல.

– போதுங்க.

– உனக்குச் சாதகமாத்தாம்மா சொல்றேன்! அசையாம அப்படித் தூங்கிட்டிருந்தா டாக்டரம்மா. குழந்தை மாதிரி.

– போதும்னு சொன்னேன்!

– மேடம், கோபம் வேணாம். பாருங்க, மறுபடி சிவப்பு ஏறுது. சார் சொல்லட்டும் விடுங்க. இவங்க தூங்கினப்போ நீங்க எங்க சார் இருந்தீங்க?

– கால்மாட்டுல. வழக்கம்போலக் காலைப் பிடிச்சு விட்டுட்டிருந்தேன்.

– எந்தக் காலை?

– ஆட்சேபிக்கிறேன்!

– மேடம், இது கோர்ட் இல்ல.

– வலது காலைத்தான். அதுலதானே முட்டி வலி. நாள் பூரா கோர்ட்டுல நின்னுக்கிட்டே கத்துறா. வெளிய யாருக்கும் தெரியக் கூடாதும்பா, வக்கீல் மானம் போயிடுமாம். வீட்டுக்கு வந்தா தினமும் நான்தான் பிடிச்சு விடுறது.

– எப்படிப் பிடிப்பீங்க?

– ஏங்க, இந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. வாயைத் திறக்காதீங்க.

– இதுல மறைக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? காலைத் தூக்கி மடியில வச்சுக்குவேன் டாக்டரம்மா. முட்டியைப் பிடிச்சு இப்படி நெஞ்சுப் பக்கமா நல்லா மடக்குவேன். அப்புறம் நீட்டுவேன். மறுபடி மடக்குவேன். சொடக்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதோட வலி ஓடிடும்.

– முந்தாநாளும் அப்படித்தான் பண்ணினீங்களா?

– ஆமா. ட்யூபை எடுத்து ரூமுக்குக் கொண்டு வந்தாங்க. நான் வெந்நீர் பிடிக்கக் கீழ போனேன். திரும்பி வந்தா தூங்கிட்டிருந்தா. கால் நீட்டி விறைப்பாக் கிடந்துது. பாவமா இருந்துது. உக்காந்து பிடிக்க ஆரம்பிச்சேன். நல்லா ரொம்ப நேரம் பண்ணினேன். டாக்டரம்மா? ஏன் அப்படிப் பாக்குறீங்க?

– சார்...

– ஏம்மா, நீயும் கண்ணை மூடிக்கிட்டே? என்ன சொல்லிட்டேன் இப்போ? மடக்கக் கூடாதுன்னு... அது நீயா மடக்கினா மட்டும் இல்லையா? அப்போ நான்... நான்தானா?

– உளறாதீங்க. டாக்டர், காரணம் வேணும்னு கேட்டீங்களே? நான்தான் எழுந்தேன். பாத்ரூம் போனேன். சொன்ன பேச்சைக் கேக்காத நோயாளின்னு போய்ச் சொல்லுங்க.

– இப்பத்தான் எழுந்திருக்கலைன்னு சொன்னீங்க?

– பொய் சொன்னேன்.

– நீ போகவே இல்லையேம்மா. நான் பக்கத்துலயே இருந்தேனே.

– நீங்க கண் அசந்தப்போ போனேன்.

– நான் எங்க அசந்தேன்? ரெண்டு கையாலயும் உன் காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். கால் என் மடியில இருக்கிறப்போ நீ மட்டும் எப்படிப் பாத்ரூம் போயிருப்பே?

– கடவுளே! இப்படி ஒரு சாட்சியை வச்சுக்கிட்டு நான் எந்தக் கேஸை ஜெயிக்கிறது? டாக்டர், இந்த மனுஷர் சொல்றது எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. இவருக்கு நினைவு சரியில்ல.

– எனக்கு நினைவெல்லாம் சரியாத்தான் இருக்கு. இவ என்னைக் காப்பாத்தப் பாக்குறா டாக்டரம்மா. எனக்கு அதைச் சொல்லித் தர வேணாம். நேத்துல இருந்து ஆஸ்பத்திரியையே தலைகீழாப் புரட்டினதும் அதுக்குத்தானா? ஐயோ, என் கையாலயே இவளுக்கு இப்படிப் பண்ணிட்டேனே. வலிக்கக் கூடாதுன்னுதானேம்மா பிடிச்சேன்...

– அழாதீங்க. டாக்டர் முன்னாடி அழாதீங்க.

– அழுவேன். சத்தமாவும் அழுவேன். டாக்டரம்மா, மத்தியானம் நானும் வரேன். பெரிய டாக்டர் ரூம்ல நின்னு சொல்றேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, காலை மடக்கினது நான்தான்னு. யார் தடுத்தாலும் சொல்வேன். கேக்குதா? சொல்வேன்!

– ஏங்க... நர்ஸெல்லாம் எட்டிப் பாக்குறாங்க.

– பாக்கட்டும்!

– சார், உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. கூட இருக்கிறவங்ககிட்டயும் நாங்க சொல்லியிருக்கணும். அது எங்க பிசகு, அதையும் நான் பெரியவர்கிட்டச் சொல்றேன். கொஞ்சம் இருங்க... மேடம், நீங்க ஏன் ஒண்ணும் பேசாம இருக்கீங்க?

– என்ன பேசச் சொல்றீங்க? கல்யாணம் ஆனதுல இருந்து இவர் என் மேல சத்தம் போட்டதே இல்ல. இன்னிக்குத்தான் போட்டிருக்கார். பேச்சு வரல.

– வரவே வேணாம். அப்படியே இருங்க. அப்படியே... சார், டிவியைப் பாருங்க.

– கறுப்பாயிடுச்சே டாக்டரம்மா! சுழலைக் காணோமே!

– பொறுங்க, கையைக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துறேன். சிவப்பு வருதா பாருங்க.

– வரல. கறுப்பாவே இருக்கு. ஒரு பொட்டுகூட வரல.

– நின்னுடுச்சு மேடம். மூடிக்கிச்சு. பாதத்துல நாடியும் நல்லா அடிக்குது. ஊசியும் வேணாம், கத்தியும் வேணாம். நாளைக்கு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, சரியா இருந்தா வீட்டுக்குப் போகலாம். அப்பாடா, என் கை எங்க இருக்குன்னே தெரியல.

– ரொம்ப நன்றி டாக்டரம்மா. நீங்க நல்லா இருக்கணும். அந்தக் கையைக் கொடுங்க, நான் கொஞ்சம் பிடிச்சு விடுறேன்.

– வேணாம் சார்! ஐயையோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே இந்த ஆஸ்பத்திரியில நீங்க யாரையும் பிடிச்சு விடாதீங்க.

– டாக்டர்.

– சொல்லுங்க மேடம்.

– அந்தப் பொண்ணை இங்க கூப்பிடுங்க. அவகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். பெரிய டாக்டர் வந்தா அவர்கிட்டயும் நானே சொல்லிக்கிறேன். கேஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. முதல்ல அவளுக்கு ஏதாவது சாப்பிட வாங்கிக் கொடுங்க.

– கூப்பிடுறேன். அவ ஓடி வந்துடுவா. ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகம். டாக்டராத்தான் கேக்குறேன். ட்யூப் எடுத்த கையோட முட்டியை நெஞ்சு வரைக்கும் மடக்கினா, தொடையில சுள்ளுனு வலிச்சிருக்கணும். செத்தவங்களே எழுந்து உக்காந்துடுவாங்க. நீங்க எப்படித் தூங்கினீங்க?

– தூங்கல.

– என்னம்மா சொல்றே? நான் பாத்தேனே, குறட்டைகூட விட்டே.

– குறட்டையும் நான்தான் விட்டேன், முழிச்சுக்கிட்டு. நீங்க கால் பிடிக்கிறப்போ நான் என்னிக்குமே தூங்கினதில்ல.

– என்னிக்குமேவா? அடிப்பாவி! இவ தூங்குறாளேன்னுதான் டாக்டரம்மா நான் மனசு விட்டுப் பேசுறதே! முழிச்சிருந்தா என் முறை எங்க வருது? அப்போ... உங்க அண்ணனைப் பத்திச் சொன்னது?

– கேட்டேன்.

– உங்க அம்மாவைப் பத்தி?

– கேட்டேன். அதுல பாதி நியாயம்தான்.

– போச்சு. என் மானமே போச்சு. அது கிடக்கட்டும்மா. முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தே? மடக்கக் கூடாதுன்னு உன்கிட்டச் சொல்லித்தானே இருந்தாங்க? 'காலை விடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உயிர் போற வலியை ஏம்மா பொறுத்துக்கிட்டுக் கிடந்தே?

– 'இவ இல்லாமப் போயிட்டா அந்த வீட்டுல நான் ஒருத்தனா எப்படி இருப்பேன்'னு அப்பத்தான் ஆரம்பிச்சிருந்தீங்க. நான் வாயைத் திறந்திருந்தா நீங்க பேச்சை நிறுத்தியிருப்பீங்களே.